சாவா மூவாப் பேராடும் ஒரு பழைய கணினியும்

சோழர் காலக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய அன்பர்களுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்னும் சொற்றொடர் புதிதன்று. திருக்கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய வேண்டுமெனில் 96 ஆடுகளைக் கொடையாக விடுவது அக்காலத்துப் பெருவழக்கு. அவ்வாடுகளைக் கைக்கொண்ட மன்றாடி நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளக்கக் கடமைப்பட்டவன். ஆடு சாகும், மூப்படையும் என்பதைக் கல்வெட்டுப் பொறித்தவர் அறியாதவரல்லர். ஆயினும் அவ்வாடுகளைச் சாவாதவை, மூவாதவை என்றே அவர் எழுதினார். செத்ததன் இடத்தில் ஒரு குட்டியைச் சேர்த்து, மூத்ததைக் கழித்து இளையதைக் கூட்டி, மந்தையின் எண்ணிக்கை குறையாமல் காத்துவர வேண்டும் என்பதே அதன் பொருள். ஆடுகள் மாறிக்கொண்டே இருக்கும், மந்தை அப்படியே நிற்கும், விளக்கும் அணையாது.

இக்கட்டுரையின் பொருள் ஆடன்று, கணினி. பழையதொரு கணினியின் வன்வட்டு பழுதாகும்போது, அதற்கு இயைந்த மாற்று வட்டொன்றைத் தேர்வது எப்படி என்பதே நாம் எடுத்துக்கொண்ட செய்தி. இலக்கிய இதழ் படிப்போர் கூடும் இடத்தில் இது என்ன பேச்சு என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். ஏடு, கல், செம்பு, தாள் என்று எழுத்தைத் தாங்கிய உடல்களின் வரலாற்றை இலக்கிய வரலாற்றின் பகுதியாகக் கொள்ளும் நாம், கடந்த முப்பதாண்டுகளின் தமிழ் எழுத்தைத் தாங்கிநிற்கும் உடலைப் பற்றி மட்டும் பேசாதிருப்பது முறையாகாது. 'மாற்று' என்பது தமிழகத்தில் நெடுங்காலமாகச் சிந்திக்கப்பட்ட ஒரு செய்தி என்பதையும் வழியில் காணலாம்.

கல்லாய்ச் சமைந்த மரம்

திண்டிவனத்திற்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியில், வானூர் வட்டத்தில், வராக நதி என்றும் சங்கராபரணி என்றும் வழங்கும் ஆற்றின் கரையில் அமைந்த ஊர் திருவக்கரை. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தொண்டைநாட்டுத் தலம். மும்முக இலிங்கமாகத் திகழும் சந்திரமௌலீசுவரரையும் வக்கிரகாளியம்மனையும் வழிபட வருவோர் பலர். அவர்களுள் சிலரே ஊருக்கு அருகிலுள்ள கல்மரப் பூங்காவிற்குச் செல்கின்றனர். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பொறுப்பிலுள்ள அப்பூங்காவில் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா இவற்றைப் பற்றி எழுதியுள்ளார். 3 மீட்டர் முதல் 15 மீட்டர் வரை நீளமுள்ள அடிமரங்கள் இங்குண்டு. கிளையோ இலையோ வேரோ காணப்படாமையால், இவை இவ்விடத்தில் வளர்ந்தவையல்ல, பெருவெள்ளத்தால் அடித்துவரப்பட்டு மணலுள் புதையுண்டவை என்று அறிஞர் கருதுகின்றனர்.

மரம் கல்லாவது எப்படி? புதையுண்ட மரத்தின் நுண்ணறைகளுக்குள் நிலத்தடி நீர் புகுகிறது. அந்நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா, அறைகளை நிரப்பியும் மரப்பொருள் அழிந்த இடத்தில் தான் படிந்தும் இறுகுகிறது. இது மிக மெல்ல நிகழ்வதால் மரத்தின் ஆண்டு வளையங்களும் நுண்ணறைகளின் வடிவமும் சிதையாமல் நிற்கின்றன. திருவக்கரைக் கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் அது எக்குடும்பத்து மரம் என்று கூறிவிட முடிகிறது. புளி, வாகை போன்றவற்றின் உறவுகளை இப்படித்தான் இனங்கண்டனர். பொருள் முழுவதும் மாறியும் செய்தி மாறவில்லை. ஆனால் அம்மரம் இனித் துளிர்க்காது. வடிவத்தைக் காத்த அம்மாற்றம் தொழிலைக் காக்கவில்லை.

இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்வது நன்று. பழைய வன்வட்டில் உள்ளவற்றை அப்படியே படியெடுத்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்வது கல்மரத்தைப் போன்றது, செய்தி தப்பிவிடும். அக்கணினியே மீண்டும் எழுந்து தன் பழைய வேலையைச் செய்ய வேண்டுமெனில், மாற்று வட்டு அதனுடைய மொழியில் பேசியாக வேண்டும். இரண்டும் வெவ்வேறு தேவைகள். மாற்று தேடிப் புறப்படுவோர் தமக்கு வேண்டியது இவற்றுள் எது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும்.

பழங்கற்படி

திருவக்கரையில் கற்றளி எடுப்பித்தவர் செம்பியன் மாதேவியார். கண்டராதித்தரின் தேவியாரும் உத்தமசோழரின் தாயாருமான இவ்வம்மையார், செங்கற்றளிகளாய் இருந்த பல கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய வரலாறு யாவரும் அறிந்ததே. ஒரு கோயிலைப் பிரித்துப் புதிதாய்க் கட்டும்போது பழைய கல்வெட்டுகள் என்னவாகும் என்ற கேள்வி அக்காலத்திலும் எழுந்தது. அது வெறும் பழம்பொருட் பற்றால் எழுந்ததன்று. அக்கல்வெட்டுகள் நிலங்களுக்கும் விளக்குகளுக்கும் ஆடுகளுக்குமான ஆவணங்கள். கல் தொலைந்தால் உரிமையும் தொலையும்.

கும்பகோணத்திற்கு அண்மையிலுள்ள திருக்கோடிகாவலில் இவ்வம்மையார் செய்ததைக் காண்க. கோயில் கல்லால் புதுப்பிக்கப்பட்டபோது, அங்குத் தனிக்கற்களில் இருந்த முற்காலக் கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுப் புதிய சுவர்களில் மீண்டும் பொறிக்கப்பட்டன. படியெடுக்கப்பட்டவற்றைப் 'பழங்கற்படி' என்று கல்வெட்டே குறிக்கிறது. மூலம் எது, படி எது என்ற குழப்பம் பின்வருவோர்க்கு நேரலாகாது என்ற கவனம் அச்சொல்லில் உள்ளது. செய்தி சுவரேறிவிட்டமையால் பழைய கற்களால் இனிப் பயனில்லை என்பதையும் அங்கேயே பதிந்துவைத்தனர்.

திருமழபாடியில் நடந்தது இன்னும் நுட்பமானது. முதலாம் இராசராசர் தம் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013-இல், அக்கோயிலின் திருவிமானத்தைப் பிரித்துக் கட்டவும் அங்கிருந்த கல்வெட்டுகளை முன்னதாகப் புத்தகத்தில் படியெடுக்கவும் ஆணையிட்டார். அவை மீண்டும் கல்லில் ஏறியது அவர் மைந்தர் முதலாம் இராசேந்திரரின் 14ஆம் ஆட்சியாண்டில், 1026-இல். இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகள் அவ்வாவணங்களின் உயிர் ஏட்டில் தங்கியிருந்தது. ஆணையிட்ட அரசர் மறைந்து, ஆட்சி மாறி, பணி நிறைவுறும்வரை அவ்வேடுகளை ஒருவர் பொறுப்பாக வைத்திருந்திருக்க வேண்டும்.

வரிசையைப் பாருங்கள். முதலில் படியெடுப்பு, பிறகே பிரிப்பு, அதன்பின் கட்டுமானம், கடைசியாக மீண்டும் பொறித்தல். கணினியின் வட்டை மாற்றுவோர் கைக்கொள்ள வேண்டிய வரிசையும் இதுவே. திருப்புளியைக் கையிலெடுக்கும் முன்னர் படியை எடுத்துவிட வேண்டும்.

எல்லைகளின் வரலாறு

வன்வட்டின் கதை 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் என்னும் பொறியோடு தொடங்குகிறது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் கொண்ட அதன் வட்டமைப்பு 50 இலட்சம் எழுத்துகளைத் தாங்கியது. 1980-இல் சீகேட் நிறுவனம் மேசைக் கணினிக்கென 5 மெகாபைட் கொள்ளும் சிறிய வட்டை வெளியிட்டது. 1980களின் நடுவில் உருவான ஐ.டி.இ. என்னும் முறையில், வட்டை இயக்கும் மின்சுற்று வட்டின் உடலிலேயே பொருத்தப்பட்டது. பட்டையான சாம்பல்நிற நாடாக் கேபிளும் 40 ஊசிகளும் கொண்ட அம்முறை ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் ஆட்சி செய்தது. 2003-இல் மெல்லிய கேபிளுடன் சாட்டா என்னும் புதிய முறை வந்தது. இன்று சந்தையில் புதிதாய்க் கிடைக்கும் மேசைக் கணினி வன்வட்டுகள் சாட்டா வழிப்பட்டவையே. இணைப்பின் வடிவத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத பொருத்தம்தான் கடினமானது.

ஒரு வட்டில் ஒரு செய்தித்துண்டு எங்கே இருக்கிறது என்பதைச் சுட்ட மூன்று எண்கள் வழங்கின: உருளை, தலை, கூறு. ஊர், தெரு, கதவு எண் என்பதுபோல் வைத்துக்கொள்ளலாம். கணினியின் அடிப்படை நிரலாகிய பயாஸ் 1024 உருளைகள், 256 தலைகள், 63 கூறுகள் வரை எண்ணவல்லது. ஐ.டி.இ. வட்டோ 65,536 உருளைகள், 16 தலைகள், 255 கூறுகள் வரை எண்ணவல்லது. ஒரு கூறு என்பது 512 பைட். தனித்தனியே பார்த்தால் முன்னது 8.4 ஜிகாபைட் வரையும் பின்னது ஏறத்தாழ 137 ஜிகாபைட் வரையும் ஆளக்கூடியவை. இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது ஒவ்வோர் எண்ணிலும் எது சிறியதோ அதுவே செல்லுபடியாகும். 1024, 16, 63 ஆகியவற்றைப் பெருக்கி 512-ஆல் பெருக்கினால் கிடைப்பது 52,84,82,304 பைட். அதாவது 528 மெகாபைட்தான். ஆற்றல் மிக்க இருவர் சேர்ந்தும், ஒவ்வொருவரின் குறையும் கூடி, இருவரினும் எளியவராகிவிட்டனர். இயைபு என்பது இரு தரப்பின் வலிமையும் கூடுவது என்று எண்ணுகிறோம். இருவரும் பொதுவாகச் செய்யக்கூடியது எதுவோ அதுவே இயைபு என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இந்த எல்லை கடக்கப்பட்டதும் அடுத்தது வந்தது. 8.4 ஜிகாபைட் ஓர் எல்லை. 1999-க்கு முந்திய பல கணினிகளில் 33.8 ஜிகாபைட் இன்னோர் எல்லை. அதைத் தாண்டிய வட்டைக் கண்டால் சில கணினிகள் எழவே மறுத்துத் திகைத்து நிற்கும். வட்டு செய்தவர்கள் ஒரு வழி கண்டனர். வட்டின் பின்புறமுள்ள ஊசிகளில் ஜம்பர் என்னும் சிறு இணைப்பியை மாற்றிச் செருகினால், பெரிய வட்டு தன்னைச் சிறிய வட்டாகச் சொல்லிக்கொள்ளும். பெரியவர் ஒருவர் எளியோர் வீட்டுத் தாழ்வாரத்தில் குனிந்து நுழைவதை ஒத்த காட்சி அது.

மூன்று எண் முறையைக் கைவிட்டு, கூறுகளைச் சுழி முதல் வரிசையாக எண்ணும் முறை வந்தபோதும் அவ்வெண்ணுக்கு 28 இடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. அதனால் 137 ஜிகாபைட் அடுத்த எல்லையாயிற்று. 2002-ஐ ஒட்டி 48 இடங்களாக அது விரிவுற்றது. விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் திருத்தப்பதிப்பும் அதே ஆண்டில் இவ்விரிவை ஏற்றது. வட்டைப் பிரித்தாளும் பழைய அட்டவணை முறையில் 2.2 டெராபைட் மற்றோர் எல்லை. ஒவ்வொரு தலைமுறையும் 'இவ்வளவு போதும்' என்று வரைந்த கோட்டை அடுத்த தலைமுறை தாண்டவேண்டியதாயிற்று. பழைய கணினிக்கு வட்டு வாங்கச் செல்பவர், தம் கணினி பிறந்த ஆண்டில் எந்தக் கோடு வரையப்பட்டிருந்தது என்பதை அறிந்து செல்ல வேண்டும்.

எம் துறைக் கணினி

இவற்றையெல்லாம் நாம் தேடிப் படிக்க நேர்ந்தது ஏட்டுக்கல்விக்காக மட்டுமன்று. எம் கல்லூரித் தமிழ்த்துறையில் 2003-இல் வாங்கிய கணினி ஒன்று உள்ளது. திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்து மாணவர்கள் தத்தம் ஊர்களில் திரட்டிய ஊர்ப்பெயர்கள், ஏரி மதகுகளின் பெயர்கள், வயல்வெளிகளின் வழக்குப் பெயர்கள், கூத்துக் கலைஞர்களின் வாய்மொழி ஆகியவை பல ஆண்டுகளாக அதில் சேர்ந்தன. திருவக்கரைக் கோயிலின் சுவர்க் கல்வெட்டுகளை மாணவர்கள் படித்துப் பெயர்த்த குறிப்புகளும் அதிலுண்டு. தகவல் தந்த முதியோருள் பலர் இன்று இல்லை. அவர்கள் குறிப்பிட்ட சில ஏரிகளும் இல்லை. அக்கணினியின் 40 ஜிகாபைட் ஐ.டி.இ. வட்டு 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பத் தொடங்கியது.

புதிய கணினி வாங்கிக் கோப்புகளை மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். கோப்புகளை மாற்றுவது எளிது. அவற்றைத் திறப்பதுதான் அரிது. அக்காலத்துத் தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள் அக்கணினியில் மட்டுமே இயங்குகிறது. கணினியின் பின்புறம் அச்சுப்பொறிக்கான துளையில் செருகிய ஒரு பூட்டு இருந்தால்தான் அது திறக்கும். அத்துளை இன்றைய கணினிகளில் பெரும்பாலும் இல்லை. ஆகவே எமக்கு வேண்டியவை இரண்டு: கல்மரமும் வேண்டும், துளிர்க்கும் மரமும் வேண்டும்.

முதலில் படி. பழைய வட்டைக் கழற்றி, ஐ.டி.இ. வட்டை யு.எஸ்.பி. வழியே இணைக்கும் கருவியொன்றின் துணையால் லினக்ஸ் கணினி ஒன்றில் பொருத்தினோம். டிடிரெஸ்க்யூ என்னும் கட்டற்ற மென்பொருள் நலிந்த வட்டுகளுக்கென்றே எழுதப்பட்டது. அது மூல வட்டில் ஒன்றும் எழுதுவதில்லை. எளிதில் படிக்கவரும் பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, முரண்டுபிடிக்கும் பகுதிகளுக்குப் பின்னர்த் திரும்பிவரும். படிக்க இயலாத இடங்களைத் தனியே ஓர் அட்டவணையில் குறித்துவைக்கும். சிதைந்த எழுத்துகளைப் புள்ளியிட்டுக் காட்டும் கல்வெட்டுப் பதிப்பாசிரியரின் நேர்மையை அதில் கண்டு மகிழ்ந்தோம். கிடைக்காததை ஊகித்து நிரப்புவதைவிட, கிடைக்கவில்லை என்று குறிப்பதே ஆவணத்திற்கு அழகு.

அடுத்தது மாற்று. மூன்று வழிகள் இருந்தன. சென்னை ரிச்சி தெருவில் இன்றும் பழைய ஐ.டி.இ. வட்டுகள் கிடைக்கும். வடிவம், இணைப்பு எல்லாம் அச்சாகப் பொருந்தும். ஆனால் அதுவும் எம் வட்டின் வயதினதே. மூத்த ஆட்டுக்கு மாற்றாக மற்றொரு மூத்த ஆட்டையே சேர்ப்பதால் பயனென்ன? அவ்வழியை நாடுவோர், வட்டு இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை கூறுகள் பழுதாகி மாற்றிடம் பெற்றன என்பனவற்றை அதன் தன்னாய்வுப் பதிவிலிருந்து படித்தறிந்தே வாங்க வேண்டும். இரண்டாம் வழி, ஒளிப்படக்கருவிகளில் வழங்கிய காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டை. அது இயல்பிலேயே ஐ.டி.இ. மொழி பேசவல்லது, ஊசிகளை மாற்றித்தரும் எளிய பலகை ஒன்று போதும். மிகப் பழைய, சிறிய கணினிகளுக்கு இது நன்கு பொருந்தும். இடைவிடாத எழுதுதலை அவ்வட்டைகள் நெடுங்காலம் தாங்கா.

மூன்றாம் வழி, புதிய சாட்டா எஸ்.எஸ்.டி. ஒன்றை ஒரு மொழிபெயர்ப்புப் பலகையின் வழியே ஐ.டி.இ. கேபிளில் இணைப்பது. இதையே தேர்ந்தோம். இங்குக் கவனிக்க வேண்டியவை சில. இப்பலகைகளில் இரு வகையுண்டு. ஐ.டி.இ. கணினியில் சாட்டா வட்டைப் பொருத்துவது ஒன்று. சாட்டா கணினியில் ஐ.டி.இ. வட்டைப் பொருத்துவது மற்றொன்று. பார்வைக்கு ஒத்திருக்கும் இவற்றுள் எமக்கு வேண்டியது முன்னது. ஒரே கேபிளில் குறுவட்டு இயக்கியும் இருந்தால் இரண்டில் ஒன்று மாஸ்டர், மற்றொன்று ஸ்லேவ் என்று ஜம்பர்களால் வகுக்க வேண்டும். மின் இணைப்பின் வடிவமும் வேறு. பழைய நாற்கம்பி இணைப்பிலிருந்து சாட்டாவிற்கு மாற்றும் கம்பி வேண்டும். இரண்டரை அங்குல வட்டை மூன்றரை அங்குல இடத்தில் நிறுத்த ஒரு தகட்டுச் சட்டம் வேண்டும்.

கொள்ளளவைப் பொறுத்தவரை, எம் கணினி 137 ஜிகாபைட் கோட்டைத் தாண்டுமா என்பது ஐயமாயிருந்தது. ஐயமுள்ள இடத்தில் கோட்டிற்கு இப்பால் நிற்பதே நலம். 120 ஜிகாபைட் வட்டு இன்றும் கிடைக்கிறது. பழையதைப்போல் மும்மடங்கு கொள்ளும்; கோட்டையும் தாண்டாது. இதனினும் பெரியதைப் பெருமைக்காக வாங்கியிருந்தால், கோட்டிற்கு அப்பால் எழுதப்படுபவை வட்டின் தொடக்கத்தில் சென்று முன்னிருந்தவற்றை அழிக்கும் கேடும் சில கணினிகளில் நேர்வதுண்டு. தாய்ப்பலகையின் நாணய வடிவ மின்கலத்தையும் அன்றே மாற்றினோம். அது தீர்ந்தால் கணினி தன் வட்டின் அமைப்பையே மறந்துவிடும்.

இன்னொன்று. விண்டோஸ் எக்ஸ்பி வட்டின் 63ஆம் கூற்றிலிருந்து தன் பகுதியைத் தொடங்கும் வழக்கமுடையது. இன்றைய வட்டுகளோ உள்ளுக்குள் எட்டெட்டுக் கூறுகளாகத் தொகுத்து எழுதுபவை. 63 எட்டால் வகுபடாததால் ஒவ்வோர் எழுத்தும் இரு தொகுதிகளின் மேல் கோணலாக விழுகிறது. வேலை நடக்கும், வேகம் குறையும், தேய்வும் மிகும். தொடக்கத்தை நேர்ப்படுத்தும் மென்பொருள்கள் உள்ளன. திருவக்கரையில் இராசகோபுரமும் கொடிமரமும் நந்தியும் கருவறைக்கு நேர்க்கோட்டில் அமையாமல் விலகியிருப்பதை வக்கிரத்தின் வெளிப்பாடாகப் போற்றுகின்றனர். வட்டில் அவ்விலகலைப் போற்றுவதற்கில்லை, நேர்ப்படுத்திக்கொண்டோம்.

எழுத்தின் இயைபு

வட்டு பொருந்தி, கணினி எழுந்து, கோப்பும் திறந்துவிட்டது. அவ்வளவில் வேலை முடிந்ததா? 2003-இல் தட்டெழுதப்பட்டவை இன்றைய ஒருங்குறியில் அமைந்தவையல்ல. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றுவிட்டது என்றாலும், அன்று எமக்கு வழங்கியவை தகுதரமும் டேப், டேம் முறைகளும், அவற்றோடு மென்பொருளுக்கு மென்பொருள் மாறிய தனி முறைகளுமே. டேப், டேம் ஆகியவை 1999-இல் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றவை; 2010-இல் அரசு ஒருங்குறிக்கு மாறியது. மதுரைத் திட்டம் 1998-இல் தொடங்கியபோது அதன் மின்னூல்களும் ஒருங்குறிக்கு முந்திய குறியாக்கத்திலேயே வந்து, பின்னரே ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் அக்காலக் கோப்புகள் பொருளற்ற குறிகளின் குவியலாகத் தோன்றும்.

பாண்டிய நாட்டில் வட்டெழுத்து வழக்கிழந்து தமிழெழுத்து நிலைபெற்றபோது இதே நிலை நேர்ந்திருக்கும். கல் உடையவில்லை, எழுத்தும் தேயவில்லை. படிக்கத் தெரிந்தவர் அருகினர். ஊடகத்தின் இயைபு ஒன்று, எழுத்தின் இயைபு வேறொன்று. ஆகவே, பழைய கணினியில் திறந்த ஒவ்வொரு கோப்பையும் ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தையும் உடன்வைத்து, 'படி' என்று பெயரிட்டு வருகிறோம். திருக்கோடிகாவலில் கற்ற பாடம் அது.

சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-இல் தொடங்கியபோது, நைந்த நூல்களைக் காக்க நுண்படச் சுருளைத் தேர்ந்தது இங்கு எண்ணத்தக்கது. ஒரு விளக்கும் ஒரு கண்ணாடி வில்லையும் இருந்தால் அச்சுருளைப் படித்துவிடலாம். அதற்கு பயாஸும் வேண்டா, கேபிளும் வேண்டா. எண்மம் விரைந்து பரவும். ஆனால் தன்னைப் படிக்கவல்ல பொறியையும் உடன் வாழவைக்குமாறு அது நம்மைக் கேட்கிறது.

மன்றாடி யார்?

இது எம் துறையொன்றின் சிக்கலன்று. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய இலட்சக்கணக்கான மடிக்கணினிகள் சிற்றூர்களின் வீடுகளில் உள்ளன. முதல் தலைமுறையாகக் கல்லூரி கண்ட எத்தனையோ பேரின் பாடக்குறிப்புகளும், முதற்கவிதைகளும், குடும்பப் படங்களும் அவற்றின் வட்டுகளில் உள்ளன. அவற்றைப் பொறுத்தமட்டில் நற்செய்தி, அவற்றிலுள்ள இரண்டரை அங்குல சாட்டா இணைப்பு இன்றும் மாறாமல் வழங்குகிறது என்பதே. புதிய எஸ்.எஸ்.டி. நேராகப் பொருந்தும். பழைய வட்டின் தடிமன் ஒன்பதரை மில்லிமீட்டராகவும் புதியது ஏழாகவும் இருப்பின், இடைவெளியை நிரப்ப ஒரு சிறு பிளாஸ்டிக் சட்டம் போதும். மடிக்கணினி செத்துவிட்டது என்று பழைய பொருள் வாங்குவோரிடம் எடைக்குப் போடும் முன்னர், வட்டை மட்டுமேனும் கழற்றி வைக்குமாறு மாணவர்களிடம் சொல்லிவருகிறோம்.

எஸ்.எஸ்.டி.யும் சாகாத ஆடன்று. மின்சாரமின்றி நெடுங்காலம் கிடந்தால் அதில் தேங்கிய மின்னேற்றம் கசிந்து எழுத்து அழியக்கூடும். ஆகவே எம் பழைய கணினியை மாதமொருமுறை எழுப்பி ஓடவிடுகிறோம். படிகள் மூன்று வெவ்வேறு இடங்களில் உள்ளன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு படியைப் புதிய வட்டுக்கு மாற்றுவதென முடிவு செய்து துறைப் பதிவேட்டில் எழுதிவைத்துள்ளோம்.

பதிவேட்டில் எழுதும்போதுதான் சோழர் கல்வெட்டின் மற்றொரு கூறு விளங்கியது. ஆடுகளைச் சாவா மூவா என்று சொன்னதோடு அக்கல்வெட்டுகள் நின்றுவிடவில்லை. அவற்றைக் கைக்கொண்ட மன்றாடியின் பெயரையும் ஊரையும் சொல்லின. சிலவிடத்து அவனுக்குப் பிணைநின்றோர் பெயரையும் சொல்லின. குட்டியைச் சேர்ப்பது தானாக நடப்பதன்று, ஒருவர் செய்ய வேண்டியது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நாம் இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு பெறுவோம். ஆகவே வட்டின் கொள்ளளவு, இணைப்பு வகை, ஜம்பர் நிலை ஆகியவற்றிற்குக் கீழே இரண்டு இளைய ஆசிரியர்களின் பெயர்களையும், பிணையாகத் துறைத்தலைவர் என்னும் பதவியையும் எழுதியிருக்கிறோம். இயைந்த வட்டைத் தேர்வது ஒரு நாள் வேலை. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒருவரைத் தேர்வதற்குத்தான் ஓராண்டு ஆயிற்று.